சிலாப்புல கிடக்குற கிச்சன் மெஷினுகளை இறக்கி ஒழிக்கிறது எப்படி

எங்க வீடு மதுரையில திருநகர் பக்கம், பழைய வீடு, அடுப்படி பத்துக்கு எட்டு தான் இருக்கும். போன வருசம் கரப்பான் மருந்து அடிக்கலாம்னு ஸ்டூல் போட்டு சிலாப்புல ஏறிப் பாத்தா மேல அட்டப்பெட்டியோட 14 சாமான் இருக்கு, சப்பாத்தி மேக்கர், சாண்ட்விச் மேக்கர் ரெண்டு, முட்டை அவிக்கிற மெஷின், கயிறு இழுத்து வெங்காயம் நறுக்குற டப்பா, ஓடிஜிங்கிற சின்ன கரண்ட் ஓவன், மிக்ஸியோட வந்து பிரிக்காமயே கிடக்குற ஜூஸர் ஜார் இப்படியே போகுது. கீழ நான் தினமும் கை வைக்கிறது மிக்ஸி, கிரைண்டர், குக்கர், தோசக்கல்லு, அருவாமனை அம்புட்டுதான். துவரம்பருப்பு டின்னும் அரிசி டிரம்மும் இடமில்லாம ஹால்ல டிவிக்குப் பக்கத்துல நிக்குது, சிலாப்பு பூரா ஓடாத மெஷின். அன்னைக்கு மனசு ரொம்ப கஷ்டமாயிருச்சு, எல்லாமே யாரோ ஒருத்தர் கஷ்டப்பட்டு சம்பாதிச்ச காசு.

அப்புறம் ஒரு ஆறு மாசம் எடுத்து ஒவ்வொண்ணா பாத்து முடிச்சேன், நான் செஞ்சத அப்படியே சொல்றேன், போகிக்கு வீடு ஒழிக்கும்போது செய்யிறவங்களுக்கு ஒரே நாள்ல கூட முடியும்.

மொதல்ல எல்லாத்தையும் கீழ இறக்கி ஹால்ல பேப்பர் விரிச்சு பரப்புங்க, பெட்டிக்குள்ளயே வச்சுப் பாத்தா எல்லாமே புதுசு மாதிரி தெரியும், தூக்கிப் போட மனசே வராது, அதனால பெட்டிய பிரிச்சு சாமான கையில எடுக்கணும். எடுத்துட்டு இத கடைசியா எப்ப எடுத்தோம்னு யோசிங்க. தேதி ஞாபகம் இருக்காது, நம்மளுக்கு விசேசம் தான் கணக்கு, சித்திரைத் திருவிழாவுக்கு ஊர்ல இருந்து ஆளு வந்தாங்களே அப்ப எடுத்தோமா, தீபாவளிக்கு எடுத்தோமா, சின்னவ பொறந்தநாளுக்கான்னு யோசிச்சா டக்குனு வந்துரும். ஒரு சித்திரையில இருந்து அடுத்த சித்திரை வரைக்கும் ஒரு தடவ கூட எடுக்கலைன்னா அது போக வேண்டிய சாமான், தனியா வைங்க.

ஆனா இதுல ஒண்ணு கவனிக்கணும், நிறைய பேரு இங்கதான் தப்பு பண்றாங்க. எப்பவாவது எடுக்குறது வேற, எதுக்கும் ஆகாதது வேற. எங்க அப்பத்தாவோட பித்தளை முறுக்கு அச்சு வருசத்துக்கு ரெண்டு தடவ தான் இறங்கும், தீபாவளிக்கும் கிருஷ்ண ஜெயந்திக்கும், ஆனா அந்த ரெண்டு நாளைக்கு அது இல்லாம ஒரு வேலையும் ஓடாது. இடியாப்ப உரல், பணியாரச்சட்டி, விசேசத்துக்கு சோறு வடிக்கிற குத்துப்போணி எல்லாம் இதே கணக்கு தான். இதுல மோட்டாரு கிடையாது, ஒயரு கிடையாது, பத்து வருசம் கழிச்சு எடுத்தாலும் கழுவித் தொடச்சா வேலை செய்யும். அம்மியும் அப்படித்தான், 2012ல நம்ம பக்கம் ஒரு நாளைக்கு பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் போச்சே அப்ப எங்க தெருவுல அம்மி வச்சிருந்த வீட்லதான் சட்னி அரைச்சாங்க, நாங்க கிண்ணத்த தூக்கிட்டு அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னோம். அதனால இதுகள தொடாதீங்க.

அடுத்தது கழுவுற கணக்கு, என்னைக் கேட்டா இதுதான் முக்கியம். எந்த மெஷினையும் எவ்வளவு வேகமா வேலை செய்யுதுன்னு தான் விளம்பரத்துல காட்டுவாங்க, கழுவுறத யாரும் காட்ட மாட்டாங்க. நான் அந்த கயிறு சாப்பர ஒரு நாள் போன்ல டைம் வச்சுப் பாத்தேன். உரிச்ச சின்ன வெங்காயம் கால் கிலோ. டப்பாவுல ஒரு தடவைக்கு ஒரு கைப்பிடி தான் பிடிக்குது, கூடப் போட்டா பிளேடு சுத்தாம கயிறு பாதியில நிக்குது, அதனால நாலு தடவையா போட்டேன். ஒவ்வொரு தடவையும் பத்துப் பன்னண்டு இழுப்பு. தெறந்து பாத்தா அடியில கூழு மாதிரி ஆகி தண்ணி விட்டுருக்கு, மேல ரெண்டு மூணு வெங்காயம் அப்படியே முழுசா பிளேடுக்கு மேல ஒட்டிக்கிட்டு இருக்கு, அத கையில எடுத்து திரும்பப் போடணும். கூழான வெங்காயத்த எண்ணெயில போட்டா வதங்காது, தண்ணி சுண்டி கசப்பு தான் ஏறும், நம்ம ஊரு கறிக்கொழம்புக்கு அது சரிப்பட்டே வராது. அப்புறம் கழுவணும், மூணு பிளேடு உள்ள குச்சி, டப்பா, மூடி, அந்த மூடிய தண்ணிக்குள்ள முக்கக் கூடாது ஏன்னா உள்ள கயிறு சுத்தியிருக்கு, நனைஞ்சா காயாம வாடை அடிக்கும். நறுக்கி கழுவி கவுத்தி வைக்க மொத்தம் 13 நிமிசம். மறுநாள் அதே கால் கிலோவ அருவாமனையில உக்காந்து அரிஞ்சேன், 9 நிமிசம், ஒரு சொம்புத் தண்ணி ஊத்தி சாத்தி வச்சாச்சு.

இதே மாதிரி நீங்களும் ஒவ்வொண்ணையும் ஒரு தடவ ஓட்டிப் பாத்து முடிவு பண்ணுங்க, எடுத்து வைக்கிற நேரம், செய்யிற நேரம், கழுவி காய வைக்கிற நேரம் மூணையும் கூட்டுங்க, கையால செய்யிறத விட அதிகமா வந்தா அந்த மெஷின் உங்களுக்கு வேலை வைக்கத்தான் வந்திருக்கு.

சப்பாத்தி மேக்கர் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா நிறைய வீட்டு சிலாப்புல இது ஒண்ணு இருக்கு. இது ஓடலைன்னு எல்லாரும் தூக்கி வச்சிடுறோம், எனக்கும் மொத நாளே சப்பாத்தி நடுவுல கிழிஞ்சு ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி முறுகிப்போச்சு. காரணம் மாவு. நம்ம கட்டையில தேய்க்கிறதுக்கு பிசையிற மாவு கெட்டியா இருக்கும், இந்த மெஷினுக்கு அத விட நல்லா இளக்கமா, கையில லேசா ஒட்டுற பதத்துல இருக்கணும், பிசைஞ்சு அரை மணி நேரம் மூடி ஊற வைக்கணும். தட்டு நல்லா சூடான பிறகு உருண்டைய நட்டநடுவுல வைக்காம மூடி சேந்திருக்குற பக்கமா கொஞ்சம் தள்ளி வச்சு ஒரே ஒரு செகண்ட் அமுக்கி உடனே தூக்கிறணும். அமுக்கியே பிடிச்சிருந்தா உள்ள இருக்குற ஈரம் ஆவியாகி வெளிய போக வழியில்லாம சப்பாத்திய கிழிச்சுக்கிட்டு வரும், அதுதான் அந்த டப்புனு கேக்குற சத்தம். தூக்கி எறியிறதுக்கு முன்னாடி இந்த முறையில ஒரு தடவ போட்டுப் பாருங்க. நான் போட்டேன், சப்பாத்தி வந்துச்சு, உப்பவும் செஞ்சுச்சு, ஆனா ஆறினா விறைச்சுப் போகுது, பள்ளிக்கூடத்துக்கு டிபன் கட்ட முடியல. அதுக்கப்புறம் தான் எங்களுக்கு இது வேணாம்னு முடிவு பண்ணேன். சுடச்சுட தட்டுல போட்டு சாப்பிடுற ஒருத்தர் ரெண்டு பேரு இருக்குற வீட்டுக்கு இது உதவலாம்.

ஏர் ஃபிரையர், ஓடிஜி ரெண்டுக்கும் பிளக்க மொதல்ல பாருங்க. அடியில ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல வாட்ஸ் போட்டிருக்கும், நிறைய ஏர் ஃபிரையர் 1400, 1500 வாட்ஸ் வரும். சாதாரண சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர், 230 வோல்ட்டால பெருக்கினா 1380 வாட்ஸ் தான் வருது, அதனால பெரிய பிளக்கு இருக்குற 16 ஆம்பியர் பாயிண்ட் வேணும். பழைய வீடுகள்ல அடுப்படிக்கு அந்த மாதிரி ஒண்ணு இருந்தாலே பெருசு, எங்க வீட்ல அந்த ஒண்ணுலயும் பிரிட்ஜ் ஓடுது. மல்டி பிளக் போட்டு இத ஓட்டாதீங்க, ஒயரு சூடாகி உருகும், எங்க வீட்ல ஓடிஜிக்கு அப்படிப் போட்டு பிளக் முனை கருகிப்போச்சு, நல்லவேளை பக்கத்துலயே நின்னேன். இன்னொண்ணு, ஏர் ஃபிரையர் பொரிக்கிற மெஷின்னு பேரு, உள்ள இருக்குறது சூடான காயிலும் ஒரு ஃபேனும், சின்ன ஓவன் மாதிரி தான் வேலை செய்யும். கோழித்துண்டு, கட்லெட், நிலக்கடலை எல்லாம் நல்லா வருது. ஆனா சாயங்காலம் ஆனா வாழைக்கா பஜ்ஜியும் வடையும் கேக்குற வீடா இருந்தா அது அதுல வராது, தண்ணி மாவு எண்ணெயில விழுந்த உடனே தான் இறுகும், காத்துல வச்சா கூடை வழியா ஒழுகிரும். வீட்டுல என்ன சாப்பிடுறீங்கன்னு பாத்து முடிவு பண்ணுங்க.

மிக்ஸியோட வர்ற கூடுதல் ஜார், டேபிள் டாப் கிரைண்டரோட வர்ற தேங்கா துருவி, சப்பாத்தி மாவு பிசையிற குச்சி, இதுகள வெளிய போடாதீங்க, நாளைக்கு மெஷின விக்கும்போது எல்லாம் இருந்தாதான் விலை கிடைக்கும். ஒரு துணிப்பையில போட்டு வாரண்டி கார்டோட கட்டி வைங்க போதும். அந்த தேங்கா துருவிய ஒரு மூடிக்கு எடுத்தா கல்ல தூக்கி மாட்டி கழட்டுறதுக்கே நேரம் போயிரும், ஆனா வீட்டு விசேசத்துக்கு பத்து பதினஞ்சு தேங்கா துருவணும்னா அதுதான் கை கொடுக்கும். 2011ல அரசு குடுத்த விலையில்லா மிக்ஸி இன்னும் ஓடுற வீடுகள்ல ரெண்டு மிக்ஸி இருக்கும், அதையும் நான் ஒழிக்கச் சொல்ல மாட்டேன், ஒண்ண மொளகாப்பொடி, மல்லிப்பொடி திரிக்க மட்டும் வச்சுக்கிட்டா சட்னியில காரவாடை ஏறாது.

இப்ப தனியா வச்சத எங்க அனுப்புறதுன்னு வருது. சீர்ல வந்தது, பால் காய்ச்சுனப்ப வந்ததுன்னா குடுத்தவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்க, நாளைக்கு வேற வீட்ல பாத்துட்டு மனத்தாங்கல் ஆயிரும். நான் எங்க மதினிக்குப் போன் போட்டு, "மதினி, சாண்ட்விச் மேக்கர் ரெண்டாயிருச்சு, நீங்க குடுத்தத ஹாஸ்டல் விட்டு வெளிய ரூம் எடுத்திருக்குற புள்ளைக்குக் குடுக்கவா"ன்னு கேட்டேன், "தாராளமா குடு ஆத்தா, சும்மா கிடக்குறதுக்கு ஒரு புள்ள தின்னுட்டுப் போகட்டும்"னு சொல்லிட்டாங்க. முட்டை அவிக்கிற மெஷின் கே.கே.நகர்ல ரூம் எடுத்து தங்கியிருக்குற அக்கா மகனுக்குப் போச்சு, கேஸ் இல்லாத ரூமுக்கு அது நிஜமாவே நல்ல சாமான், கொஞ்சம் தண்ணி ஊத்தி ஆவியில அவிக்கிறது, தண்ணி வத்துனதும் தானா நின்னுரும், இப்ப தினமும் ஓட்டுறான்.

விக்கிறதா இருந்தா திலகர் திடல் ஞாயித்துக்கிழமை சந்தை இருக்கு, பழைய சாமான் வாங்குறவங்க வருவாங்க, அங்க பிளக் பாயிண்டுக்கு எங்க போறது, அதனால வீட்லயே ஓடுறத போன்ல வீடியோ எடுத்துட்டுப் போங்க. வாங்குன விலைய மனசுல வச்சுக்கிட்டு பேரம் பேசாதீங்க, திரும்ப வீட்டுக்குத் தூக்கிட்டு வர்ற மாதிரி ஆயிரும். ஓடாத மிக்ஸியா இருந்தா எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ரிப்பேர்காரர்கிட்ட ஜாரையும் மோட்டாரையும் சேக்குற கப்ளரும், மோட்டாருக்குள்ள இருக்குற கார்பன் பிரஷ்ஷும் பாக்கச் சொல்லுங்க, பல நேரம் அந்தச் சின்ன சாமான் தேஞ்சுதான் நின்னுருக்கும், மாத்துறதுக்கு பெருசா செலவு ஆகாது. மோட்டார் காயில் கருகி வாடை அடிச்சா மட்டும் விட்டுருங்க.

சுத்தமா செத்த மெஷின போகித் தீயில மட்டும் போடாதீங்க, ஒயர எரிச்சு செம்பு எடுக்குறதும் வேணாம், அந்த பிளாஸ்டிக் புகை புள்ளைங்க நெஞ்சுக்கு ரொம்பக் கெடுதல். 2022ல போட்ட மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1ல இருந்து நடப்புல இருக்கு, அதுப்படி பழசாகி வர்றத மறுசுழற்சி பண்ண வைக்கிற பொறுப்பு தயாரிக்கிற கம்பெனிக்கே இருக்கு, அதனால எக்ஸ்சேஞ்ச் எடுக்குற ஷோரூம்ல குடுக்குறது நல்லது.

இனிமே வாங்குறதுக்கு நான் வச்சிருக்குற முறை இதுதான். ஆசைப்பட்ட சாமான உடனே வாங்காம அடுத்த விசேசம் வரைக்கும் தள்ளிப்போடுவேன், அந்த விசேசத்துக்கு சமைக்கும்போது இது இல்லையேன்னு எத்தன தடவ தோணுச்சுன்னு பாப்பேன். பக்கத்து வீட்ல இருந்தா ஒரு வாரத்துக்கு இரவல் கேப்பேன். பொருட்காட்சியில காய் வெட்டிக் காட்டுற ஸ்டால்ல நின்னா, அவரு கையில இருக்குறது கெட்டியான கேரட்டும் முள்ளங்கியும், அதையே நாள் பூரா வெட்டிப் பழகுன கை. சித்திரைப் பொருட்காட்சிக்குப் போறவங்க பையில நாலு சின்ன வெங்காயமும் ஒரு கத்திரிக்காயும் எடுத்துட்டுப் போங்க, அண்ணே இத வெட்டிக் காட்டுங்கன்னு கேளுங்க, தப்பே இல்ல, காசு நம்மளுது. வெட்டி முடிச்சதும் இத எப்படிண்ணே கழுவுறதுன்னும் கேளுங்க. பிளேடு தனியா கிடைக்குமா, மதுரைக்குள்ள சர்வீஸ் சென்டர் இருக்கான்னும் அங்கயே கேட்டுருங்க.

சிலாப்பு காலியான உடனே திரும்ப அடைக்காதீங்க, ரெண்டு நாள் காய விடுங்க. மழைக்காலத்துல ஓரமா ஓதம் அடிக்கும், இரும்புப் பணியாரச்சட்டிக்கு நல்லெண்ணெய் தடவி பேப்பர் சுத்தி வைங்க, முறுக்கு அச்சோட வில்லைகள ஒரு சின்ன டப்பாவுல போட்டு அச்சுக்குள்ளயே வச்சிட்டா தீபாவளி அன்னைக்கு தேட வேண்டியதில்ல. எங்க துவரம்பருப்பு டின்னும் அரிசி டிரம்மும் அடுப்படிக்குள்ள வந்திருச்சு.