உங்க அமெரிக்க சபர்ப் எப்படி ஊராச்சு? நீங்களே தோண்டிப் பாக்கறது எப்படி

சபர்ப்ல குடியிருக்கற நம்ம ஆளுங்ககிட்ட ஊரோட ஹிஸ்டரின்னு பேச்செடுத்தா போதும், "இங்க என்னங்க இருக்கு, எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரு மால், ரெண்டு பார்க், ஸ்கூல் நல்லா இருக்குன்னு வந்தோம்"னு முடிச்சுடுவாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் ஒருநாள் எங்க சிட்டி எல்லை ஏன் மேப்ல எலி கடிச்ச தோசை மாதிரி இருக்குன்னு பாக்கப் போய் மாட்டிக்கிட்டேன், இன்னும் வெளிய வரல.

எப்படித் தேடணும்னு சொல்றேன், உதாரணத்துக்கு கலிஃபோர்னியா கூப்பர்டினோவ எடுத்துக்கறேன், ஏன்னா சின்ன ஊரு, நிறைய பேருக்குத் தெரிஞ்ச ஊரு, ரெக்கார்டும் ஓரளவு நல்லாவே கிடைக்குது.

மொதல்ல உங்க ஊரு நெஜமாவே சிட்டிதானான்னு பாருங்க. சிரிக்காதீங்க. வர்ஜீனியால ஆஷ்பர்ன்ல இருக்கறவங்க எவ்ளோ பேர் "எங்க சிட்டி"ன்னு சொல்றாங்க, ஆனா அது சிட்டியே இல்ல, மேயரும் கிடையாது கவுன்சிலும் கிடையாது, எல்லாம் லவுடன் கவுண்டி (கவுண்டின்னா நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) பாத்துக்குது. நியூ ஜெர்சி எடிசன் ஒரு டவுன்ஷிப், அதுவும் 1954 வரைக்கும் ராரிட்டன் டவுன்ஷிப்னு வேற பேர்ல இருந்துச்சு. இது தெரியாம "எடிசன் சிட்டி ஹிஸ்டரி"ன்னு தேடினா பாதி பேப்பர் கண்ணுலயே படாது, பழைய பேர்லயும் தேடணும். போஸ்டல் அட்ரஸ நம்பவே நம்பாதீங்க, ஜிப் கோடுங்கறது தபால்காரர் ரூட்டுக்காகப் போட்டது. 95014ன்னு கூப்பர்டினோ அட்ரஸ் வச்சுக்கிட்டு சிட்டி எலெக்‌ஷன்ல ஓட்டுப் போட முடியாத வீடுங்க இருக்கு.

சிட்டிதான்னா, அது என்னிக்கு இன்கார்ப்பரேட் ஆச்சுன்னு, அதாவது சட்டப்படி சிட்டி ஆச்சுன்னு ஒரு தேதி இருக்கும், அந்தத் தேதியப் பிடிங்க. எல்லாரும் இங்கதான் தப்பு பண்றாங்கன்னு நினைக்கறேன். யார் முதல்ல வந்து குடியேறினாங்க, எந்த ஸ்பானிஷ் பாதிரியார் எந்த ஓடைக்கு என்ன பேர் வச்சார்னு அங்க ஆரம்பிச்சு அங்கயே சுத்திட்டு இருப்பாங்க. கூப்பர்டினோவுக்கும் அந்தக் கதை உண்டு, 1776ல ஆன்சாங்கற ஸ்பானிஷ் தளபதியோட கூட்டம் இந்தப் பக்கமா போறப்ப ஓடைக்கு இத்தாலிய புனிதர் ஒருத்தர் பேர வச்சாங்க, அதுதான் பின்னாடி ஊர் பேராச்சு. நல்ல கதைதான், ஆனா இன்னிக்கு உங்க வீட்டு வரி ஏன் இவ்ளோ, பக்கத்து தெரு ஏன் வேற ஊருன்னு அது ஒண்ணும் சொல்லாது. அந்தத் தேதிக்கு முந்தின அஞ்சு வருஷத்துல இவங்க எதுக்குப் பயந்து சிட்டி ஆனாங்கன்னு கேளுங்க, அங்க கதை கிடைக்கும்.

கூப்பர்டினோ விஷயத்துல பதில் பச்சையா தெரியும். 1950ல சான் ஹோசேல ஒரு லட்சம் பேர்கூட இல்ல, 95,280தான். அந்த வருஷம் டச்சு ஹாமன்னு ஒருத்தர் சிட்டி மேனேஜரா வந்தார், 1969 வரைக்கும் இருந்தார், அந்த காலத்துல ஆயிரத்துக்கும் மேல அனெக்ஸேஷன், அதாவது சுத்தி இருக்கற தோட்டம் துரவு எல்லாத்தையும் சிட்டி எல்லைக்குள்ள இழுத்துக்கறது. 1970 சென்சஸ்ல சான் ஹோசே 4 லட்சத்த தாண்டிடுச்சு. இந்தப் பக்கம் இவங்க, அந்தப் பக்கம் சன்னிவேலும் லாஸ் ஆல்டோஸும், நடுவுல பழத்தோட்டக்காரங்க. சும்மா இருந்தா விழுங்கிடுவாங்கன்னு 1955 செப்டம்பர் 27ல ஓட்டெடுப்பு வச்சாங்க, சிட்டி வேணும்னு 225 பேர், வேணாம்னு 183 பேர். அவ்ளோதான், 42 ஓட்டு வித்தியாசம், ஒரு அபார்ட்மென்ட் அசோசியேஷன் எலெக்‌ஷன் மாதிரி. அக்டோபர் 10ல சான்டா கிளாரா கவுண்டியோட 13வது சிட்டி. உங்க ஊருக்கும் இந்த மாதிரி ஓட்டு எண்ணிக்கை எங்கயாவது இருக்கும், வேணாம்னு போட்டவங்க எத்தன பேர்னு கட்டாயம் பாருங்க, சண்டை எவ்ளோ சூடா நடந்துச்சுன்னு அதுலயே தெரிஞ்சுடும்.

பயம் மட்டும் இல்ல, காசும் உண்டு. 1954ல தெற்கு கலிஃபோர்னியால லேக்வுட்னு ஒரு ஊரு, போலீஸ் கீலீஸ்னு எதையும் சொந்தமா வச்சுக்காம எல்லாத்தையும் கவுண்டிகிட்ட கான்ட்ராக்ட்ல வாங்கிக்கலாம்னு சிட்டி ஆச்சு, லேக்வுட் பிளான்னே பேர் வந்துடுச்சு. அடுத்த வருஷமே பிராட்லி-பர்ன்ஸ்னு ஒரு சட்டம் வந்து சேல்ஸ் டாக்ஸ்ல சிட்டிக்கு ஒரு பங்குன்னு உறுதியாச்சு. சிட்டி ஆகறதுக்கு செலவு கம்மி, வரவு உண்டுன்னா யாருதான் விடுவாங்க? அதனால அம்பதுகள்ல பொறந்த கலிஃபோர்னியா சபர்ப்னா ரோட்டுல போற போலீஸ் கார்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. கூப்பர்டினோல இன்னிக்கும் ஷெரிஃப்தான், அதாவது கவுண்டி போலீஸ், பக்கத்து சன்னிவேல்ல சொந்த டிபார்ட்மென்ட். தண்ணி பில் யார்கிட்ட இருந்து வருது, சாக்கடைக்கு தனி டிஸ்ட்ரிக்ட் இருக்கா, ஃபயர் யாருது, இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. இதுல ஒவ்வொண்ணும் ஒரு பழைய பேரம்.

அப்புறம் சென்சஸ். பத்து வருஷத்துக்கு ஒரு நம்பர், ஆன்லைன்ல சும்மாவே கிடைக்கும், எடுத்து வரிசையா எழுதினா கூப்பர்டினோ 1960ல 3,664, 1990ல 40,263, 2000ல 50,546, 2010ல 58,302, 2020ல 60,381. இதப் பாத்தவுடனே "ஆஹா தொண்ணூறுகள்ல டாட்காம் பூம், பத்தாயிரம் பேர் வந்துட்டாங்க"ன்னு எழுதத் தோணும், எழுதிடாதீங்க, நானே எழுதி அப்புறம் அழிச்சேன். 1999ல ராஞ்சோ ரின்கொனாடாங்கற பக்கத்து ஏரியாவ சிட்டிக்குள்ள சேத்துக்கிட்டாங்க. அம்பதுகள்ல சின்னச் சின்னதா கட்டின வீடுங்க, அதுவரைக்கும் எந்த சிட்டியிலயும் சேராம கவுண்டிக்குக் கீழ இருந்துச்சு. அங்க இருந்தவங்க யாரும் புதுசா வரல, கோடுதான் அவங்களத் தாண்டி நகந்துச்சு. அதனால ஜனத்தொகை நம்பரத் தொடறதுக்கு முன்னாடி அந்தந்த வருஷத்துல சிட்டி எல்லை எதுன்னு பாருங்க, சிட்டி வெப்சைட்ல இல்லாட்டி சிட்டி கிளார்க் ஆஃபீஸ்ல அனெக்ஸேஷன் மேப்னு கேளுங்க. கலிஃபோர்னியால 1963க்கு அப்புறம் எல்லை மாறினதுன்னா லாஃப்கோன்னு கவுண்டிக்கு ஒரு கமிஷன் இருக்கு, சிட்டிங்க இப்படி அடிச்சுக்கறத நிறுத்தத்தான் அத உருவாக்கினாங்க, அங்கயும் ஃபைல் இருக்கும்.

ஆளுங்க பேரோட இருக்கற சென்சஸ் தாள் 72 வருஷம் கழிச்சுதான் வெளிய விடுவாங்க, 1950 தாளுங்க 2022 ஏப்ரல்ல வந்தாச்சு, நேஷனல் ஆர்கைவ்ஸ் சைட்ல ஃப்ரீ. சிட்டியே அப்ப இல்லையேன்னா பரவால்ல, கவுண்டி போட்டு, ரோடு பேர் போட்டுத் தேடுங்க, வீட்டுக்கு வீடு தொழில் எழுதியிருக்கும். 1890 தாளுங்களத் தேடி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க, 1921ல வாஷிங்டன்ல தீப்பிடிச்சு கிட்டத்தட்ட மொத்தமும் போச்சு.

மேப்புக்கு வருவோம், எனக்குப் பிடிச்ச பகுதி. யுஎஸ்ஜிஎஸ்ங்கற அமெரிக்க அரசு நிலவியல் துறை சைட்ல டோபோவியூன்னு ஒண்ணு இருக்கு, 1880கள்ல இருந்து வந்த பழைய டோபோகிராஃபிக் மேப்பெல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க, உங்க ஏரியாவ கிளிக் பண்ணி பழசுல இருந்து புதுசு வரைக்கும் ஒவ்வொண்ணா இறக்கிப் பாருங்க. முதல்ல ரெண்டு ரோடு வெட்டிக்கற ஒரு நாற்சந்தி, நாலஞ்சு கறுப்புப் புள்ளி, மிச்சமெல்லாம் காலி நிலம், கொஞ்சம் பின்னாடி வந்த மேப்ல தோட்டம்னு பச்சைப் புள்ளி. கூப்பர்டினோவ பழைய ஆளுங்க கிராஸ்ரோட்ஸ்னே சொல்லுவாங்க, ஸ்டீவன்ஸ் க்ரீக் ரோடும் இப்ப டி ஆன்சா பூலவர்டுன்னு சொல்ற ரோடும் சேர்ற இடம். அங்க மொதல்ல திராட்சைத் தோட்டம் இருந்துச்சு, பத்தொம்பதாம் நூற்றாண்டுக் கடைசியில ஃபிலாக்ஸெராங்கற பூச்சி வேரத் தின்னு அழிச்சதும் ப்ரூனும் ஏப்ரிகாட்டும் போட்டாங்க. அப்புறம் எலெக்ட்ரிக் ரயில் லைன் வந்துச்சு, அந்த லைன நம்பித்தான் மான்டா விஸ்டாங்கற கூப்பர்டினோ ஏரியாவுல வீட்டு மனை பிரிச்சாங்க. இப்ப தண்டவாளம் இல்ல, ஆனா மான்டா விஸ்டாவோட சின்னச் சின்ன நேர் தெருவையும் அறுபதுகள்ல போட்ட வளைஞ்சு வளைஞ்சு முட்டுச்சந்துல முடியற தெருவையும் பக்கத்துல வச்சுப் பாத்தா இது ரயில் காலம் இது கார் காலம்னு கண்ணாலயே பிரிச்சுடலாம். பழைய டவுன்டவுன் இருக்கற ஊருன்னா சான்போர்ன் மேப்பும் பாருங்க, தீ இன்ஷூரன்ஸ் கம்பெனிங்களுக்காகப் போட்டது, பிங்க் கலர்னா செங்கல் கட்டடம், மஞ்சள்னா மரம், லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்ல நிறைய கிடைக்குது.

அடுத்தது டீட், அதாவது நிலப் பத்திரம். நம்ம மூலப்பத்திரம் பாக்கற பழக்கம் இங்க கை கொடுக்கும், வித்தவர் பேர் வாங்கினவர் பேர்னு ரெண்டு இண்டெக்ஸ் கவுண்டி ரெக்கார்டர் ஆஃபீஸ்ல இருக்கும், உங்க வீட்டுல ஆரம்பிச்சு பின்னாடியே போனா ஏதோ ஒரு இடத்துல அது தோட்டமா மாறிடும். அவ்ளோ தூரம் முடியலன்னா சொத்து மதிப்பு போடற கவுண்டி அசெஸர் சைட்ல வீடு கட்டின வருஷத்த மட்டும் தெரு தெருவா குறிச்சாலே போதும், எந்த வருஷம் எந்தத் தோட்டம் போச்சுன்னு மேப்பே போட்டுடலாம். படிக்கறப்ப மனச கொஞ்சம் தயார் பண்ணிக்கோங்க. 1948க்கு முந்தின மனைப் பத்திரங்கள்ல வெள்ளைக்காரங்க தவிர வேற யாரும் இங்க குடியிருக்கக் கூடாது, வேலைக்காரங்களா இருந்தா மட்டும் சரின்னு பச்சையா எழுதியிருக்கறது சாதாரணம். 1948ல ஷெல்லி வெர்சஸ் கிரேமர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இத கோர்ட்டு மூலமா அமல்படுத்த முடியாதுன்னு சொன்னாலும் பேப்பர்ல அந்த வரி அப்படியே இருந்துச்சு, முழுசா சட்டவிரோதம் ஆனது 1968 ஃபேர் ஹவுஸிங் ஆக்ட்லதான். கலிஃபோர்னியால 1913ல இருந்து ஏலியன் லேண்ட் லா வேற, ஜப்பான்காரங்க நிலம் வாங்க முடியாது, அதனால இங்கயே பொறந்த கொழந்த பேர்ல வாங்கினாங்க, 1952லதான் கோர்ட் அதத் தூக்குச்சு. பத்திரத்துல வாங்கினவர் வயசு அஞ்சுன்னு வந்தா அது பிழை இல்ல. இன்னிக்கு பாதிக்கு மேல ஆசியக்காரங்க இருக்கற ஊர்ல உக்காந்து இதப் படிக்கறப்ப ஒரு மாதிரி இருக்கும்.

ஆளுங்க எப்ப மாறினாங்கங்கறதுக்கு ரெண்டு வருஷத்த மனசுல வச்சுக்கோங்க, நாட்டுவாரி கோட்டாவ எடுத்த 1965 இமிக்ரேஷன் சட்டம், எச்1பி வந்த 1990 சட்டம். மிச்சத்த சென்சஸ்ல பிறந்த நாடுன்னு இருக்கற கட்டம் சொல்லிடும்.

வேலையும் வரியும் எப்படி ஊர மாத்துச்சுன்னு பாக்க ஒரே ஒரு பெரிய நிலத்த எடுத்து அதோட ஜாதகத்த மட்டும் எழுதிப் பாருங்க, மொத்த ஊர் ஜாதகமும் அதுல வந்துடும். கூப்பர்டினோல நான் எடுத்தது வேல்கோங்கற இடம். அது என்ன பேர்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன், வேரியன் அசோசியேட்ஸ்ங்கற கம்பெனியும் லெனார்ட், லெஸ்டர், க்ராஃப்ட், ஆர்லாண்டோங்கற நிலக்காரங்களும் சேந்து பேரோட முதல் எழுத்துங்கள கோத்து வச்சது. தோட்டம் பிசினஸ் பார்க் ஆச்சு, 1976ல பக்கத்துல மால் தெறந்தாங்க. ரெண்டு வருஷத்துல கலிஃபோர்னியா ஜனங்க ஓட்டுப் போட்டு கொண்டு வந்த ப்ரொபோசிஷன் 13 வந்து சொத்து வரிக்கு 1 சதவீதம்னு மூடி போட்டுடுச்சு, அதுக்கப்புறம் சிட்டிங்களுக்கு வீட்ட விட கடைதான் செல்லப்பிள்ளை, சேல்ஸ் டாக்ஸ் வருதே. அப்புறம் மால் காத்து வாங்குச்சு, 2018ல இடிக்க ஆரம்பிச்சாங்க, அங்க வீடு கட்டலாமா கூடாதான்னு ஊரே ரெண்டுபட்டுச்சு. அங்கேருந்து ரொம்ப தூரம் இல்ல ஆப்பிள் பார்க், ஹெச்பி கேம்பஸ் இருந்த இடம். 2011 ஜூன் 7ல ஸ்டீவ் ஜாப்ஸ் நேராவே கவுன்சில் மீட்டிங்குக்கு வந்து பிளான விளக்கினார், வீடியோ இன்னும் கிடைக்குது. ஒரு சின்ன சிட்டி கவுன்சில் அவ்ளோ பெரிய கம்பெனிகிட்ட எப்படிப் பேசுதுன்னு பாக்கவே அத ஒரு தடவ பாருங்க.

கவுன்சில் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, போரடிக்கும், ஆனா விடாதீங்க, முதல் அஞ்சு வருஷத்துத படிச்சா போதும். கிளார்க்குக்கு மெயில் போடறப்ப "ஊர் ஹிஸ்டரி அனுப்புங்க"ன்னா ஒண்ணும் வராது, இந்த வருஷத்துல இருந்து இந்த வருஷம் வரைக்கும் மினிட்ஸ், முதல் ஜெனரல் பிளான், அனெக்ஸேஷன் ஆர்டினன்ஸ்னு குறிப்பா கேளுங்க. பழைய நியூஸ்பேப்பருக்கு கலிஃபோர்னியா டிஜிட்டல் நியூஸ்பேப்பர் கலெக்‌ஷன், மத்த ஸ்டேட்டுக்கு கிரானிக்ளிங் அமெரிக்கா. லோக்கல் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டிக்கும் ஒருநாள் நேர்ல போங்க, டி ஆன்சா காலேஜ்ல இருக்கற கலிஃபோர்னியா ஹிஸ்டரி சென்டர் மாதிரி இடங்கள்ல பழைய குடும்பங்களோட போட்டோ, பேட்டி எல்லாம் இருக்கும். ஒண்ணு மட்டும், அங்க சொல்ற கதை பெரும்பாலும் தோட்டம் வச்சிருந்தவங்க பக்கத்து கதை, பழம் பறிச்சவங்க கதைய நீங்க அந்த 1950 சென்சஸ் தாள்லதான் தேடணும்.

1960 தாளுங்க, அதாவது கூப்பர்டினோ சிட்டியா எண்ணப்பட்ட முதல் சென்சஸ், அந்த 3,664 பேரும் யார் யாருன்னு பேரோட தெரியணும்னா 2032 ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கணும். அதுவரைக்கும் கவுண்டி லைப்ரரிக்குப் போய் அந்தக் கால சிட்டி டைரக்டரி, டெலிபோன் புக் இருக்கான்னு கேளுங்க, தெரு வாரியா பேர் இருந்துச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுடும்.