பூ த ஸான் படங்கள எந்த வரிசைல பாக்கணும்

பாரிஸ்ல 100 வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொடியன் ஊமைப்படங்கள்ல கலக்கிட்டு இருந்தான். 1908ல பொறந்தவன், பேரு ரெனே போயன், ஆனா தியேட்டருக்கு வர்றவங்களுக்கு அவன் பூ த ஸான் தான். ஸான்னா அங்க விக்கிற அதிமதுர மிட்டாய் பிராண்டு, பூன்னா துண்டு. இவன பத்தி நாலு வரி படிச்சிட்டு விட்றத விட படங்கள வயசு வரிசைல போட்டுப் பாருங்க, பையன் கண்ணு முன்னாடியே வளருவான்.

தேட ஆரம்பிக்கும்போதே ஒரு குழப்பம் வரும். இவனுக்கு முன்னாடி அதே கோமோன் சினிமா கம்பெனில, அதே டைரக்டர் லூயி ஃபோயாட் கிட்ட, 1910லேர்ந்து பேபேன்னு இன்னொரு குட்டி ஸ்டார் இருந்தான். அவன் பின்னாடி வச்சுக்கிட்ட பேரு ரெனே டாரி. ரெண்டு பேருமே ரெனேவா, ஃபோட்டோவ மாத்திப் போட்டா கூட கண்டுபிடிக்க முடியாது. நான் டிரெஸ்ஸ வச்சுதான் பிரிப்பேன், நல்லா வளத்த வீட்டுப்புள்ள மாதிரி இருந்தா பேபே, தொளதொளன்னு பெரியவங்க கோட்ட மாட்டிக்கிட்டு தெருப்பய மாதிரி நின்னா நம்மாளு.

அப்புறம் ஸ்பீடு. அப்பல்லாம் கேமராவ கையாலதான் சுத்துவாங்க, நொடிக்கு 16, 18 ஃப்ரேம்னு ஓடும், அத அப்படியே 24ல ஏத்தி விட்டுருந்தாங்கன்னா எல்லாரும் எறும்பு மாதிரி ஓடுவாங்க. அப்படி இருந்தா பிளேயர்ல 0.75னு வைங்க, பையனோட முழியெல்லாம் அப்பதான் தெரியும். மேல யாராவது கண்டபடி பியானோ ஒட்டிருந்தா மியூட் பண்ணிடுங்க, ஒண்ணும் நஷ்டமில்ல. நடுவுல வசனம் எழுதி வர்ற ஃபிரெஞ்சு கார்ட பாஸ் பண்ணி ஃபோன் கேமராவுல மொழிபெயர்த்துக்கலாம்.

மொதல்ல பாக்க வேண்டியது 1912ல வந்த 'பேபே தம்பிய தத்தெடுக்கறான்'. பேபே தத்தெடுக்கற அந்த தம்பிதான் நம்மாளு, அப்ப நாலு வயசு. தம்பியா உள்ள வந்தவன் அண்ணன் எடத்தையே புடிச்சிட்டான், பேபே கோமோன விட்டுப் போக, இவன் பேர்ல தனி சீரிஸே ஆரம்பிச்சு 1916 வரைக்கும் ஓடுச்சு, ஐம்பது படத்துக்கு பக்கம். எல்லாத்தையும் பாக்கணும்னு இல்ல, 1913ல யானையத் திருடற படம் ஒண்ணு இருக்கு, அத மட்டும் விட்றாதீங்க.

அடுத்து 'வாம்பயர்ஸ்'. பேரப் பாத்து ரத்தக்காட்டேரின்னு நினைக்காதீங்க, திருட்டு கேங் கதை. மொத்தம் 10 எபிசோடு, கிட்டத்தட்ட ஏழு மணி நேரம், டைம் இல்லன்னா நேரா எட்டாவதுக்குப் போயிடுங்க. நடிகர் மார்செல் லெவெக் பண்ற மசமெத்ங்கற கேரக்டருக்கு நம்மாளு மகனா வர்றான், வில்லன சுடறேன்னு துப்பாக்கிய எடுத்து அப்பன் மூக்கையே பதம் பாத்துடுவான். அந்த ஜோடி அவ்ளோ பொருத்தம், அதனாலயோ என்னவோ 1917ல ரிலீஸான 'ஜூடெக்ஸ்'லயும் ரெண்டு பேரும் ஒண்ணா வர்றாங்க. அதுல பையனுக்கு வச்ச பேரு அதிமதுரப் பொடியன், மிட்டாய் விடவே இல்ல பாருங்க.

1925ல ஃபோயாட் செத்துட்டார். பையனும் வளந்தப்புறம் அந்த மாதிரி பேர் வாங்கல, 1968ல போய்ச் சேந்துட்டார்.

கடைசியா நான் போடச் சொல்றது இவன் படமே இல்ல, 1954ல வந்த ஃபிரெஞ்சு நடிகர் ழான் காபென் படம், 'துஷே பா ஓ கிரிஸ்பி'. அதுல காபெனோட சிநேகிதன் ரிதோனா வர்றது யாருன்னு நினைக்கறீங்க, நம்ம பழைய பேபே, ரெனே டாரி. 1912 படத்துல தம்பிய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அதே குட்டிப்பய, இப்ப கிட்டத்தட்ட ஐம்பது வயசு, கண்ணாடி முன்னாடி நின்னு தொங்கிப்போன தன் மூஞ்சிய தானே பாத்துட்டு இருக்கார்.