சீனியர் தீர்ப்பு தேடச் சொன்னால்: கோடை இன்டர்ன்களுக்கு ஒரு சட்ட நூலகரின் செய்முறை விளக்கம்

மே மாதம் பிறந்ததும் எங்கள் நூலகத்தில் முகங்கள் மாறிவிடும். உயர் நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. அவசர வழக்குகளுக்கு மட்டும் விடுமுறைக்கால அமர்வு. தினமும் வரும் வழக்கறிஞர்கள் குறைந்து, அந்த நாற்காலிகளில் இன்டர்ன்ஷிப் வந்த மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாண்டு படிப்பவர்கள் 12 வாரம், ஐந்தாண்டு படிப்பவர்கள் 20 வாரம் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. பலரும் அதற்குக் கோடையைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

அவர்களில் பாதிப் பேர் என் மேஜைக்கு வந்து கேட்பது ஒரே மாதிரி இருக்கும்: "மேடம், செக் கேஸுக்கு ஒரு ஜட்ஜ்மென்ட் வேணும்."

"எந்தக் கேள்விக்குப்பா?"

அங்கேயே நின்றுவிடுவார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, கல்லூரியில் இதை யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். கூடவே நீங்களும் செய்து பாருங்கள்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

சீனியர் சொன்னது இது என்று வைத்துக்கொள்வோம். நம் பார்ட்டிக்கு வங்கிக் கணக்கு மதுரையில். சென்னைக்கு வந்த இடத்தில், அதே வங்கியின் சென்னைக் கிளையில் ஒரு செக்கைப் போட்டார். செக் கொடுத்தவரின் கணக்கு கோயம்புத்தூரில். பணமில்லை என்று செக் திரும்பிவிட்டது. கேஸை எந்த ஊரில் போடுவது?

"செக் பவுன்ஸ்" என்பது தலைப்புதான், கேள்வி ஆகாது. கேள்வி இப்படி இருக்க வேண்டும்: "வாங்கியவர் கணக்கு மதுரை, செக் போட்ட கிளை சென்னை, கொடுத்தவர் கணக்கு கோவை. 138ஆம் பிரிவு வழக்கை விசாரிக்கும் அதிகாரம் எந்த ஊர் நீதிமன்றத்துக்கு?" நோட்டில் மேலே இதை எழுதி, கீழே கோடு போட்டுவிட்டு எழுந்திருங்கள். ஏதாவது ஒரு விவரம் தெரியவில்லை என்றால், சீனியரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள். அலமாரிக்கும் கணினிக்கும் மூன்று மணி நேரம் அலைந்த பிறகு கேட்பதைவிட அது எவ்வளவோ மேல்.

2. முதலில் சட்டம், பிறகுதான் தீர்ப்பு

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. நேரே தேடுதளத்தைத் திறக்காதீர்கள். பேர் ஆக்டை, அதாவது சட்டத்தின் வாசகம் மட்டும் உள்ள புத்தகத்தை எடுங்கள். புத்தகம் கையில் இல்லையென்றால், மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் எல்லா மத்தியச் சட்டங்களும் இலவசமாகவே கிடைக்கும்.

நம் கேள்விக்கு வேண்டியது மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881. கோர்ட் வட்டாரத்தில் என்.ஐ. ஆக்ட். செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 138ஆம் பிரிவைப் படியுங்கள். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் வழக்குக்கான காரணம் பிறக்கிறது. இனி 142க்கு வாருங்கள். அதன் இரண்டாம் உட்பிரிவு இடத்தைப் பற்றியே பேசுகிறது. கணக்கு வழியாக வசூலுக்குப் போட்ட செக் என்றால், வாங்கியவரின் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை எந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகிறதோ, அங்கேதான் வழக்கு.

இங்கே புத்தகத்தை மூடிவிடாதீர்கள். உட்பிரிவுக்குக் கீழே சின்னதாக ஒரு "விளக்கம்" இருக்கிறது. வாங்கியவர் தன் வங்கியின் எந்தக் கிளையில் செக்கைக் கொடுத்தாலும், கணக்கு இருக்கும் கிளையில் கொடுத்ததாகவே கருதப்படும் என்கிறது அது. நம் பார்ட்டி செக்கைப் போட்டது சென்னையில். சட்டத்தின் கண்ணில் அது மதுரையில் போட்டதாகிவிட்டது.

ஒரு தீர்ப்பைக்கூடத் திறக்காமல் பதில் கைக்கு வந்துவிட்டது. பிரிவோடு வரும் விளக்கம், விதிவிலக்கு, உதாரணம் மூன்றையும் விரலை வைத்துப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அப்படியே பக்கத்தின் அடிக்குறிப்பையும் பாருங்கள். இந்த உட்பிரிவு 2015ஆம் ஆண்டின் 26ஆம் சட்டத்தால் சேர்க்கப்பட்டது, 2015 ஜூன் 15 முதல் செல்லும். அந்தத் தேதியைக் கேள்விக்குப் பக்கத்திலேயே எழுதி வட்டம் போடுங்கள். ஐந்தாம் படியில் அது நம்மைக் காப்பாற்றப் போகிறது.

3. சைட்டேஷனைப் படிக்கப் பழகுங்கள்

சைட்டேஷன் என்பது தீர்ப்பின் வீட்டு முகவரி. (2014) 9 எஸ்.சி.சி. 129 என்றால், சுப்ரீம் கோர்ட் கேசஸ் என்னும் ரிப்போர்ட்டரில், அதாவது தீர்ப்புத் தொகுப்பில், 2014ஆம் ஆண்டின் 9ஆம் வால்யூம், 129ஆம் பக்கம். ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461 என்றால் ஆல் இந்தியா ரிப்போர்ட்டர், 1973, உச்ச நீதிமன்றப் பகுதி, 1461ஆம் பக்கம். இது கேசவானந்த பாரதி வழக்கு. அதே தீர்ப்புக்கு (1973) 4 எஸ்.சி.சி. 225 என்றும் ஒரு முகவரி உண்டு. இரண்டையும் இரண்டு தீர்ப்பு என்று எண்ணிப் பட்டியலில் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏ.ஐ.ஆர். தொகுப்பில் 1914 முதலான தீர்ப்புகள் இருக்கின்றன. எஸ்.சி.சி. 1969இல் தொடங்கியது. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தொகுப்பு சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ், அதாவது எஸ்.சி.ஆர். சென்னைத் தீர்ப்புகளுக்கு 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னல், அதாவது எம்.எல்.ஜே. இருக்கிறது, எல்.டபிள்யூ. (லா வீக்லி), சி.டி.சி. (கரன்ட் தமிழ்நாடு கேசஸ்) ஆகியவையும் உண்டு. அலமாரி முன்னால் நின்று ஒவ்வொன்றிலும் ஒரு வால்யூமை எடுத்துப் புரட்டுங்கள். பத்து நிமிடம் போதும், ஆயுளுக்கும் மறக்காது.

2023 முதல் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளுக்குத் தானே எண் கொடுக்கிறது: ஆண்டு, ஐ.என்.எஸ்.சி., வரிசை எண். எந்தப் பதிப்பாளரையும் சாராத முகவரி இது.

4. தேடுங்கள், ஆனால் கேள்வியோடு தேடுங்கள்

கட்டணத் தளங்களான எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா போன்றவற்றை உங்கள் கல்லூரி வாங்கியிருக்கலாம். இல்லையென்றாலும் கவலை வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இ-எஸ்.சி.ஆர். தளத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. தமிழில் மொழிபெயர்த்த தீர்ப்புகளும் அங்கே இருக்கின்றன. விஷயம் விளங்குவதற்கு அவற்றைத் தாராளமாகப் படியுங்கள். நீதிமன்றத்தில் மேற்கோள் காட்ட ஆங்கில மூலமே வேண்டும். 2008 முதல் இயங்கும் இந்தியன் கானூன் தளமும் இலவசம்.

தேடும்போது சட்டத்தின் பெயர், பிரிவு எண், கேள்வியின் உயிரான சொல் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். சேர்ந்தே வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். வெறும் "செக் பவுன்ஸ்" என்று தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். 142(2), கணக்கு, கிளை, ஆள்வரை (நீதிமன்றத்தின் அதிகார எல்லை) என்று குறுக்கினால் படிக்கக்கூடிய அளவுக்கு வரும்.

சாட்ஜிபிடியிடம் கேட்கலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். தலைப்பைப் புரிந்துகொள்ளக் கேளுங்கள். சைட்டேஷன் மட்டும் கேட்காதீர்கள். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அது கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை மனுவில் எழுதி, 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. கண்ணால் பார்த்துத் திறந்து படிக்காத தீர்ப்பு உங்கள் குறிப்பில் வரவே கூடாது.

5. கிடைத்த தீர்ப்பு இன்றும் செல்லுமா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால், இதைப் படியுங்கள்.

சில கோடைகளுக்கு முன்னால் ஒரு மாணவி இதே போன்ற கேள்வியோடு வந்தார். நல்ல உழைப்பாளி. ஒரு மணி நேரத்தில் தசரத் ரூப்சிங் ராத்தோட் எதிர் மகாராஷ்டிர அரசு, (2014) 9 எஸ்.சி.சி. 129 தீர்ப்பைப் பிடித்துவிட்டார். மூன்று நீதிபதிகள் அமர்வு, உச்ச நீதிமன்றம், கேள்வி அச்சு அசலாக அதே. செக் எந்த வங்கியின் மீது எழுதப்பட்டதோ, அது திரும்பிய அந்த வங்கி இருக்கும் இடத்தில்தான் வழக்கு என்று அதில் தெளிவாக இருக்கிறது. அவர் அதைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து சீனியரிடம் கொடுத்தார். சீனியர் முதல் வரியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் கண் கலங்க என் மேஜைக்கு வந்தார் அந்தப் பெண்.

அவர் தேடியதில் தவறில்லை. தேடல் பாதியில் நின்றதுதான் பிரச்சினை. வரிசையை அவரோடு உட்கார்ந்து இப்படி எழுதினோம்:

1999இல் கே. பாஸ்கரன் வழக்கு, (1999) 7 எஸ்.சி.சி. 510. செக் எழுதியது, வங்கியில் போட்டது, திரும்பியது, நோட்டீஸ் கொடுத்தது, பணம் தராதது என ஐந்து செயல்களில் எது நடந்த இடத்திலும் வழக்குப் போடலாம் என்றது. 2014 ஆகஸ்டில் தசரத் தீர்ப்பு அதை மாற்றி, ஒரே இடம் என்று குறுக்கியது. வெளியூர்க்காரர்களிடம் செக் வாங்கிய வியாபாரிகள் எல்லாம் அந்தந்த ஊருக்கு அலைய வேண்டிய நிலை வந்தது. நாடாளுமன்றம் தலையிட்டது. 2015 திருத்தம் 142(2)ஐச் சேர்த்து, வாங்கியவரின் கணக்கு இருக்கும் இடத்துக்கு வழக்கைக் கொண்டுவந்தது. எந்த நீதிமன்றத் தீர்ப்பு எப்படி இருந்தாலும் இதுவே செல்லும் என்று 142ஏ-வையும் கூடவே சேர்த்தது. பிறகு பிரிட்ஜ்ஸ்டோன் இந்தியா எதிர் இந்தர்பால் சிங், (2016) 2 எஸ்.சி.சி. 75 வழக்கில், சண்டிகர் வங்கியின் செக்கை இந்தூரில் உள்ள கணக்கில் போட்டவர் இந்தூரிலேயே வழக்கு நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் புதிய சட்டத்தின்படி சொன்னது.

தசரத்தை எந்தப் பெரிய அமர்வும் ரத்து செய்யவில்லை. சட்டமே மாறி, அது நின்ற தரையை எடுத்துவிட்டது. ஆகவே, "இந்தத் தீர்ப்பை யாராவது ஓவர்ரூல் செய்தார்களா?" என்று மட்டும் தேடினால் சிக்காது. இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். இதற்குப் பிறகு இதே அல்லது பெரிய அமர்வு வேறு மாதிரி சொல்லியிருக்கிறதா? இதற்குப் பிறகு அந்தப் பிரிவு திருத்தப்பட்டிருக்கிறதா? இரண்டாம் படியில் வட்டம் போட்ட 2015 ஜூன் 15 இங்கேதான் உதவும். தீர்ப்பின் தேதி அதற்கு முந்தையது என்றால் உடனே நிதானியுங்கள்.

முதல் கேள்விக்கு, இந்தியன் கானூனில் தீர்ப்பின் பக்கத்தில், அதைப் பின்னால் எடுத்தாண்ட தீர்ப்புகளின் பட்டியலைத் திறந்து, புதியவை மேலே வருமாறு அடுக்குங்கள். பட்டியலில் பெயர் இருப்பதாலேயே தீர்ப்பு செல்லும் என்று ஆகிவிடாது. எடுத்தாண்ட இடத்தில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று உள்ளே போய்ப் படிக்க வேண்டும்.

6. குற்றவியல் கேள்வியா? எண்ணைச் சரிபாருங்கள்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றின் இடத்தில் முறையே பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. என்னும் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. ஒரே எண் இரண்டு பொருளில் ஓடுகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கும் பிரிவு. புதிய பி.என்.எஸ்.எஸ்.ஸில் அது 528. புதிய 482 முன்ஜாமீன், அதாவது பழைய 438. "482இல் ஒரு தீர்ப்பு எடு" என்று சீனியர் சொன்னால், "பழையதா, புதியதா சார்?" என்று தயங்காமல் கேளுங்கள். தேடும்போது இரண்டு எண்களையும் தேடுங்கள். பழைய பிரிவின்கீழ் வந்த தீர்ப்புகளைப் பயன்படுத்தும்போது, புதிய பிரிவின் வாசகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, மாறிய சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

7. ஹெட்நோட்டிலிருந்து எழுதாதீர்கள்

தீர்ப்பின் தலையில் இருக்கும் சுருக்கம் பதிப்பாசிரியர் எழுதியது, நீதிபதி சொன்னதல்ல. வழி தெரிந்துகொள்ள அதைப் படியுங்கள். மேற்கோள் எடுப்பது தீர்ப்பின் உடலிலிருந்துதான், பத்தி எண்ணோடு. ஒரே தீர்ப்புக்குப் பத்தி எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம் என்பதால், எந்தப் பதிப்பின் எண் என்பதையும் எழுதுங்கள்.

8. ஊருக்குப் போகுமுன்

விடுமுறையில் ஊரிலிருந்தே வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், கல்லூரி மூடுவதற்கு முன்பே நூலகரைப் பார்த்து மூன்று விஷயம் கேளுங்கள். கட்டணத் தளங்களை வெளியிலிருந்து திறக்கக் கடவுச்சொல் உண்டா? விடுமுறையில் நூலக நேரம் என்ன? சந்தேகம் வந்தால் மின்னஞ்சலில் கேட்கலாமா? கல்லூரி வளாகத்துக்குள் மட்டும் திறக்கும் தளத்தை வீட்டில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தால் ஒரு வாரம் வீணாகும்.

பொது நூலகங்களையும் விடாதீர்கள். சென்னை எழும்பூர் கன்னிமாரா, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதியைப் பெறும் நூலகங்களில் ஒன்று. மதுரைப் பிள்ளைகளுக்கு 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

நூலகரிடம் வரும்போது கேள்வி எழுதிய நோட்டோடு வாருங்கள். இதுவரை எங்கே தேடினீர்கள், என்ன கிடைத்தது என்பதும் அதில் இருக்கட்டும். "இந்தக் கேஸ் ஜெயிக்குமா?" என்பதற்கு எங்களால் பதில் சொல்ல முடியாது, அது உங்கள் சீனியரின் வேலை. எந்த அலமாரி, எந்தத் தளம், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்பதற்கு எத்தனை முறை வந்தாலும் சொல்வோம்.

9. குறிப்பு எழுதுங்கள்

அந்த மாணவி இரண்டாம் முறை எழுதிக் கொடுத்தது ஒரே பக்கம். ஏறக்குறைய இந்த வடிவம்:

கேள்வி: 138 வழக்கை எந்த ஊரில் தாக்கல் செய்வது?
பதில்: மதுரை.
சட்டம்: என்.ஐ. ஆக்ட் 142(2)(ஏ), அதன் விளக்கம். 2015 ஜூன் 15 முதல்.
தீர்ப்பு: பிரிட்ஜ்ஸ்டோன், (2016) 2 எஸ்.சி.சி. 75.
எதிர்த்தரப்பு காட்டக்கூடியது: தசரத், (2014) 9 எஸ்.சி.சி. 129. திருத்தத்துக்கு முந்தையது, 142ஏ பார்க்க.
சரிபார்த்த நாள்: அன்றைய தேதி.

அந்தக் கடைசி வரியை அவராகவே சேர்த்திருந்தார். அன்றிலிருந்து வருகிற இன்டர்ன்களிடம் எல்லாம் அதையும் எழுதச் சொல்கிறேன்.