லெவல் ஏறுது, கதை எங்கே போச்சு?

வேலை முடிந்து சிங்கப்பூர் ஈசூன் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, கணினி முன்னால் உட்கார எனக்குப் பத்தரை ஆகிவிடும். இணையத்தில் பலரோடு ஆடும் கதை விளையாட்டுதான் என் பொழுதுபோக்கு. முதல் இரண்டு மாதம் கதையை விட்டுவிட்டு, பாத்திரத்தின் பலத்தைக் காட்டும் லெவல் பின்னாலேயே ஓடினேன். கடைசியில் என் லெவல் அளவுக்கு மீறி ஏறியிருந்ததால், கதையின் பெரிய வில்லன் நான்கே அடியில் சாய்ந்தான், சாகும் முன் அவன் பேசிய நீள வசனத்தைக் கேட்டுச் சிரிப்புதான் வந்தது.

அதனால் உங்கள் விளையாட்டு லெவலை எப்படிக் கையாளுகிறது என்று முதலில் பாருங்கள். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் 2016 முதல் உங்கள் பலத்தையே உலகத்துக்கு ஏற்பச் சமப்படுத்திவிடுவதால் எந்த ஊர்க் கதையையும் எப்போதும் தொடங்கலாம், கவலையில்லை.

ஃபைனல் ஃபேன்டசி 14 வேறு மாதிரி. முதன்மைக் கதையே ஒரு தொழிலை (போர்வீரர், மந்திரவாதி போன்ற பாத்திர வகை) வளர்க்கும் அளவுக்கு, லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி தரும். டஞ்சன் (கூட்டாகப் போய் எதிரிகளை வீழ்த்தும் இடம்) ஆசை வந்தால் வேறு தொழிலுக்கு மாறி ஓடுங்கள், ஒரே பாத்திரம் எல்லாத் தொழிலையும் கற்கலாம் என்பதால் கதைக்கு வைத்த தொழிலின் லெவல் எகிறாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2009-இல் வந்த வசதி எனக்கு இன்னும் பிடிக்கும்: விளையாட்டுக்குள் கொஞ்சம் தங்கம் கொடுத்தால் அனுபவப் புள்ளி ஏறுவதையே நிறுத்தி வைக்கலாம்.

சரி, லெவல் போதாமல் கதை நின்றுவிட்டால்? புள்ளிக்காகக் காட்டுப்பன்றிகளை வெட்டிக்கொண்டே இருக்காதீர்கள், கொடுமை அது. அதே ஊரில் விட்டுவந்த பக்கக் குவெஸ்ட்டுகளை (முதன்மைக் கதைக்கு வெளியே உள்ள சிறு பணிகள்) முடியுங்கள், ஊர்க்காரர்களும் பழக்கமாவார்கள்.

அப்புறம், பெரிய கட்சீன் (கதையைப் படம்போல் ஓட்டிக் காட்டும் காட்சி) வரும்போல் இருந்தால் பதினொன்றரைக்கு மேல் தொடங்க வேண்டாம். மறுநாள் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே தூங்குவீர்கள்.