நெல் கணக்கு ஸ்கிரிப்டை டெப் பொதியாகக் கட்டுவோம்

பரந்தனில் நெல் வாங்கி விற்கும் நண்பருக்காக ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய சிறு நிரல்) எழுதினேன். எந்த ஊரில் எத்தனை மூடை, எவ்வளவு காசு என்று சிட்டை போடும். பென்டிரைவில் கொண்டுபோனால் ஒரு கோப்பு வரும், இன்னொன்று வீட்டிலேயே நிற்கும். சரி, எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகச் சேர்த்து நிறுவும் டெப் பொதியாகவே கட்டிவிடுவோம் என்று இறங்கினேன். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டுக்கும் வழி ஒன்றுதான். கட்டளைகளை ஒலிப்பில் தருகிறேன்; ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

முதலில் 'நெல்கணக்கு' என்று ஒரு கோப்புறை. பொதியின் பெயரும் இதுவே. ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்கட்டும், தமிழ் எழுத்து செல்லாது. உள்ளே யூஎஸ்ஆர், அதனுள் பின். நாம் தட்டிக் கூப்பிடும் ஸ்கிரிப்ட் இங்கே. கூட்டிப் பார்ப்பது, சிட்டை அச்சிடுவது போன்ற துணை நிரல்களுக்கு யூஎஸ்ஆர், லிப், நெல்கணக்கு என்று தனி இடம். ஸ்கிரிப்ட் அவற்றை முழுப் பாதையோடு கூப்பிட வேண்டும். எல்லாவற்றுக்கும் சிஎச்மோட் 755, எல்லாரும் ஓட்ட அனுமதி.

அப்புறம் நெல்கணக்கு கோப்புறைக்குள், யூஎஸ்ஆருக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் 'டெபியன்' கோப்புறை, அதில் 'கண்ட்ரோல்' கோப்பு. பேக்கேஜ், வெர்ஷன், ஆர்க்கிடெக்சர், மெயின்டெய்னர், டிஸ்கிரிப்ஷன் என்று ஐந்து வரி. ஸ்கிரிப்டுக்கு ஆர்க்கிடெக்சர் 'ஆல்', எந்த வகைக் கணினிக்கும் பொருந்தும் என்று அர்த்தம்.

ஆறாவது வரி 'டிப்பெண்ட்ஸ்', நம் பொதி ஓட வேறு எந்தப் பொதி வேண்டும் என்று சொல்வது. அதை எழுதாமல் விட்டுத்தான் சறுக்கினேன். வரிவரியாகப் படித்துக் கணக்குப் போட ஸ்கிரிப்ட் 'ஆக்' என்ற கருவியைக் கூப்பிடும்; அதில் ஜிஆக், எம்ஆக் என்று வகைகள் உண்டு. என் மடிக்கணினியில் 'ஆக்' என்றால் ஜிஆக் ஓடும். எப்போதோ நானே போட்டது, மறந்துவிட்டேன். நண்பரிடம் இருந்தது டெபியன் தானாகத் தரும் எம்ஆக். 'கிளிநொச்சி' நம் கண்ணுக்கு 5 எழுத்து. ஜிஆக் குறிகளையும் சேர்த்து 10 என்று எண்ணும். அவரிடம் இருந்த எம்ஆக் பைட்டுகளை எண்ணி 30 என்றது. ஊர்ப் பெயருக்கு 20 இடம் ஒதுக்கியிருந்தேன். 30 வந்ததும் இடைவெளியே விழவில்லை. கிளிநொச்சியும் மூடைக் கணக்கும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஆகவே டிப்பெண்ட்ஸில் ஜிஆக், ஸ்கிரிப்டிலும் ஆக் என்ற இடமெல்லாம் ஜிஆக்.

இனிக் கட்டலாம். கோப்புறைக்கு வெளியே நின்று டிபிகேஜி-டெப், இரட்டைக் கோட்டோடு ரூட்-ஓனர்-குரூப், மறுபடி இரட்டைக் கோட்டோடு பில்ட், கடைசியில் கோப்புறைப் பெயர். ரூட்-ஓனர்-குரூப்பை விட்டால் கோப்புகள் உங்கள் கணக்குக்கே உரிமையாகப் போய்ச்சேரும்.

நிறுவ: சுடோ ஏபிடி இன்ஸ்டால், பிறகு புள்ளியும் சாய்கோடும் ஒட்டிய கோப்புப் பெயர். அவை இல்லாவிட்டால், பொதிகளை நிறுவும் கருவியான ஏபிடி இணையக் களஞ்சியத்தில் தேடிவிட்டு, இல்லை என்று கைவிரிக்கும். ஜிஆக்கை அதுவே இறக்கிக்கொள்ளும், டேட்டா இருந்தால். சிக்னல் எடுக்காத இடத்துக்குப் போவதென்றால் ஜிஆக்கையும் அதற்கு வேண்டிய நூலகப் பொதிகளையும் முன்பே பென்டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.