எம்பெடட் லினக்ஸ் இமேஜில் பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிடிஆர்எஃப்எஸ் (Btrfs), இசட்எஃப்எஸ் (ZFS) இரண்டும் சேமிப்பகத்தில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் ஃபைல் சிஸ்டங்கள். போர்டுக்கான லினக்ஸ் இமேஜில் சேர்த்தால் பில்ட் பிழையில்லாமல் முடிந்துவிடும். போர்டில் ஏற்றிப் பவர் கொடுத்தால், ரூட்டை (சிஸ்டம் இருக்கும் முதன்மை பார்ட்டிஷனை) மவுன்ட் செய்ய முடியாமல் கர்னல் பேனிக் ஆகி நிற்கும். இமேஜ் உருவாக்கும் கருவிகளான யாக்டோவிலோ பில்ட்ரூட்டிலோ பிடிஆர்எஃப்எஸ் சேர்ப்பவர்களில் பலர் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான். கர்னல் கான்ஃபிகில் அதன் டிரைவரை மாட்யூலாக, அதாவது பிறகு ஏற்றும் தனிக் கோப்பாக, விட்டிருப்பார்கள். அந்த மாட்யூல் இருப்பதோ ரூட் பார்ட்டிஷனுக்குள். பார்ட்டிஷனைத் திறக்கவும் அதே மாட்யூல்தான் வேண்டும். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை. டிரைவரைக் கர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த மாட்யூலைக் கொண்ட இனிட்ராம்எஃப்எஸ் (ரூட்டுக்கு முன்பே ரேமில் ஏறும் சிறிய ஃபைல் சிஸ்டம்) வையுங்கள்.

கர்னல் கோப்பையும் அதே பார்ட்டிஷனில் வைத்தால் கர்னலை ஏற்றும் பூட்லோடரான யு-பூட்டுக்கும் பிடிஆர்எஃப்எஸ்ஸைப் படிக்கத் தெரிய வேண்டும். பூட்டுக்கென்று சிறிய ஃபேட் அல்லது எக்ஸ்ட்4 பார்ட்டிஷன் ஒதுக்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத தவறு ஒன்று உண்டு. இமேஜை ஃபார்மட் செய்வது பில்ட் மெஷினில் ஓடும் கருவி. அதைப் படிப்பது போர்டின் கர்னல். இரண்டின் வயதும் ஒன்றாக இருப்பதில்லை. 2021இல் வந்த பிடிஆர்எஃப்எஸ்-ப்ராக்ஸ் (ஃபார்மட் கருவித் தொகுப்பு) 5.15 முதல், காலி இடத்தைக் குறித்து வைக்கும் ஃப்ரீ ஸ்பேஸ் ட்ரீ என்ற வசதி தானாகவே இயங்கும்படி ஆனது. அதைப் புரிந்துகொள்ளக் கர்னல் குறைந்தது 4.5 ஆக இருக்க வேண்டும். போர்டுடன் வந்தது பழைய 4.4 என்றால், படிக்க விடும், எழுத விடாது. இமேஜ் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப பில்ட் செய்து நாட்களை வீணாக்காதீர்கள். முதலில் போர்டின் கர்னல் பதிப்பைப் பாருங்கள். அதற்குத் தெரியாத வசதிகளை ஃபார்மட் ஆப்ஷனிலேயே அணைத்துவிடுங்கள்.

சரி, இசட்எஃப்எஸ்? அது கர்னல் மூலத்தில் இல்லை. அதன் உரிமம் சிடிடிஎல், கர்னலுடையது ஜிபிஎல் 2. இரண்டும் ஒத்துப்போகுமா என்பது சர்ச்சைக்குரியது, ஆகவே சாதனத்தை விற்கப்போகிறீர்கள் என்றால் சட்டம் தெரிந்தவரிடம் முன்பே பேசிவிடுங்கள். லினக்ஸுக்கான இசட்எஃப்எஸ்ஸான ஓப்பன்இசட்எஃப்எஸ்ஸின் ஒவ்வொரு வெளியீடும் எந்தக் கர்னல் வரை தாங்கும் என்பதை அதன் மூலத்தில் உள்ள மெட்டா (META) கோப்பில் சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் கர்னலை உயர்த்தினால் மாட்யூல் கம்பைல் ஆகாமலே போகலாம். அப்புறம் நினைவகம்: இசட்எஃப்எஸ் படித்த தரவை ரேமில் வைத்திருக்கும் ஏஆர்சி கேஷ், நீங்கள் வரம்பு எதுவும் சொல்லாவிட்டால், ரேமில் பாதியோ அதற்கு மேலோ வரை வளரும். 512 எம்பி போர்டில் மற்ற புரோகிராம்கள் திணறும், ஆகவே உச்ச வரம்பை மாட்யூல் அளவுருவிலேயே குறிப்பிடுங்கள். 32 பிட் சிப்பில் இதை முயலவே வேண்டாம்.

யாக்டோவில் இன்ஸ்டால் பட்டியலின் இறுதியில் பேக்கேஜ் பெயரை ஒட்டும்போது முன்னால் ஓர் இடைவெளி விடுங்கள். விடாவிட்டால் முந்தைய பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரே இமேஜை ஆயிரம் போர்டில் ஏற்றினால் ஆயிரத்துக்கும் ஒரே யுயுஐடி (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்). தனித்தனியாக இருக்கும்வரை தொந்தரவில்லை. ஒரே போர்டில் இஎம்எம்சியிலும் (போர்டிலேயே பதித்த சேமிப்புச் சிப்) எஸ்டி கார்டிலும் அதே இமேஜ் இருந்தால், பிடிஆர்எஃப்எஸ் இரண்டையும் பிரித்தறியாமல் தவறான சாதனத்தை எடுத்துக்கொள்ளலாம், தரவு சிதையலாம். தொழிற்சாலையில் ஏற்றிய கையோடு, மவுன்ட் செய்யும் முன்பே, பிடிஆர்எஃப்எஸ்டியூன் என்ற கருவியைக் கொண்டு யுயுஐடியை மாற்றிவிடுங்கள்.