ஷேகாவதியில் சுவரோவியம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ராஜஸ்தான் என்றதும் ஜெய்ப்பூர், உதய்ப்பூர், ஜெய்சல்மேர் என்று டிக்கெட் போட்டுவிடுகிறோம். சுவரோவியம் பார்ப்பதற்கென்றே போகிறவர்கள்கூட இந்தப் பட்டியலைத் தாண்டுவதில்லை. முதல் தவறு அதுதான். தெருவில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டிய ஓவியங்கள் ஜெய்ப்பூருக்கு வடக்கே, ஷேகாவதியில் இருக்கின்றன. ஜுன்ஜுனு, சீகர், சூரூ மாவட்டங்களைச் சேர்த்துத்தான் அப்படிச் சொல்வார்கள். நவல்கர், மண்டாவா, ஃபதேபூர், ராம்கர் என்று எந்த ஊருக்குப் போனாலும் சுவர் நிறையப் படங்கள்.

இவற்றை "அரண்மனை" என்று சொல்லாதீர்கள். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் வியாபாரத்துக்குப் போன மார்வாடிகள் சம்பாதித்த பணத்தில் சொந்த ஊரில் கட்டிய ஹவேலிகள், அதாவது முற்றம் வைத்த பெரிய வீடுகள் இவை. ராஜாவுக்கு இதில் வேலை இல்லை. தெருவில் போகிற ஊர்க்காரன் பார்க்க வேண்டும் என்றுதான் வெளிச்சுவரில் இத்தனை படம்.

எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பளிச்சென்று இருக்கிற யானையைப் பார்த்ததும் "எவ்வளவு அருமையாகப் பாதுகாத்திருக்கிறார்கள்" என்று போட்டோ எடுப்போம். நானும் எடுத்திருக்கிறேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் எனாமல் பெயின்ட்!

பழைய வேலை எப்படி நடந்தது என்று தெரிந்தால் இந்த ஏமாற்றம் இருக்காது. வெளிச்சுவர் ஓவியங்களைப் பெரும்பாலும் ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டினார்கள். பூச்சு காய்வதற்குள் முடித்தாக வேண்டும். அதனால் அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு சுவரைத்தான் பூசுவார்கள். நிறம் பூச்சுக்குள் இறங்கி, சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிவிடும். நூறு வருஷப் பாலைவன வெயிலுக்கும் அது தாக்குப்பிடிப்பது இதனால்தான். எனாமல் அப்படி இல்லை, மேலே ஒரு தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பி, பூச்சோடு சேர்ந்து பெயர்ந்து விழும். புதுப்பிக்கிறோம் என்று நல்ல மனதோடு செய்கிறவர்களே சுவரைக் கெடுத்துவிடுகிறார்கள்.

நிறத்தை வைத்துக் காலத்தையும் ஓரளவு ஊகிக்கலாம். காவி, மஞ்சள், கரிக் கறுப்பு, அவுரி நீலம் என்று அடங்கிய நிறங்களாக இருந்தால் பழசு. அடிக்கும் நீலமும் சிவப்பும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலிருந்து வந்த ரசாயன நிறங்கள். மங்கியிருக்கிறதே என்று பழைய சுவரைத் தாண்டிப் போய்விடாதீர்கள், அங்கேதான் நின்று பார்க்க வேண்டும்.

அடுத்து, தொட்டுப் பார்க்கும் பழக்கம். உள்ளறை ஓவியங்களில் பல, காய்ந்த சுவரில் பசை கலந்து தீட்டியவை. விரல் பட்டாலே உதிரும். தூசியைத் துடைத்தால் படம் நன்றாக விழுமே என்று ஈரத்துணி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

சாமி படம் மட்டும் தேடினாலும் பாதி விருந்து போய்விடும். கிருஷ்ணனுக்கு ரெண்டு கை தள்ளி தொப்பி போட்ட வெள்ளைக்காரர், கிராமபோன், கார், ரயில் எல்லாம் இருக்கும். ரயிலைக் கண்ணால் பார்க்காதவர்கள் கேள்விப்பட்டும் அச்சுப் படங்களைப் பார்த்தும் வரைந்தது உண்டு. அதனால் சில ரயில்களில் பெட்டிகள், சக்கரத்தின் மேல் வரிசையாக வீடுகளை நிறுத்தியது போல இருக்கும். மண்டாவாவில் ஒரு சுவரில் விமானமே பறக்கிறது. ரைட் சகோதரர்களின் விமானம் என்பார்கள். இதையெல்லாம் தப்பாக வரைந்திருக்கிறார்கள் என்று சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

மண்டாவா மட்டும் போதும் என்று திரும்பிவிடாதீர்கள். நவல்கரில் 1902இல் கட்டிய பொத்தார் ஹவேலி இப்போது அருங்காட்சியகம். ஃபதேபூரில் 1802இல் கட்டிய ஒரு ஹவேலியை நதீன் லெ பிரின்ஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் 1998இல் வாங்கிச் சீர்செய்தார். இரண்டையும் பார்த்துவிட்டுப் பூட்டிக்கிடக்கும் ஹவேலிகளுக்குப் போனால், கண் தானாகவே ஒப்பிட ஆரம்பித்துவிடும்.

மே, ஜூனில் போகாதீர்கள். 2019 ஜூனில் சூரூவில் வெயில் 50 டிகிரியைத் தாண்டியது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரி, ஆனால் ஸ்வெட்டர் வேண்டும், ராத்திரிக் குளிர் சும்மா விடாது. நடுப்பகல் வெளிச்சத்தில் நிறமெல்லாம் வெளுத்துத் தெரியும் என்பதால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

அப்புறம், கதவு திறந்திருக்கிறதே என்று நேராக உள்ளே போகாதீர்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் எங்கோ இருப்பார்கள், ஆனால் காவலாளியின் குடும்பம் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். முதல் முற்றத்தில் நின்று கூப்பிட்டுக் கேளுங்கள். உள்முற்றம் அந்தக் காலத்தில் பெண்களுக்கானது, இப்போதும் அங்கே துணி காய்ந்துகொண்டிருக்கலாம். கேட்டுவிட்டுப் போனால், போகும்போது கையில் கொஞ்சம் பணம் கொடுத்தால், பூட்டிய அறையின் சாவியைக் காவலாளியே எடுத்துக்கொண்டு வருவார்.